லிஃப்டுக்கு ஓட்டு இல்லை

மின்தூக்கிப் பாதுகாப்பு வாரியத்தில் வேலை பார்த்த அந்தப் பரிசோதகரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டார்ச் அக்கா என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக ஊரிலுள்ள லிஃப்ட் குழிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். கம்பிக் கயிற்றில் எத்தனை இழை விட்டுப்போயிருக்கிறது, பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, ‘தகுதியானது’ அல்லது ‘தகுதியற்றது’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். அந்த ஒரு வார்த்தையை எழுத வாரியம் அவளுக்கு ஒரு ஃபோன் கொடுத்ததிலிருந்து ஆரம்பித்தது வினை.

ஃபோன் மேல் பழியைப் போடக் கூடாது. அது நல்ல ஃபோன். டார்ச் அக்காவுக்கும் அது பிடித்துப்போனது. குழிக்குள் நின்றபடியே படம் எடுக்கலாம், வார்த்தையைத் தட்டலாம், அனுப்பலாம். நடுவில் க்ளவுட் என்று ஒன்று இருக்கிறது. எங்கோ தொலைவில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் நம் கோப்பை வைத்துக்கொண்டு, ஃபோனிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி காட்டும். அவ்வளவுதான் சங்கதி. இதை உலகத்தில் பாதிப் பேர் பல் தேய்த்துக்கொண்டே செய்கிறார்கள். ஆனால் வாரியம் செய்கிறது என்றால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

மரியாதையைத் தலைமை இயக்குநர் தொடக்க விழாவிலேயே செய்துவிட்டார்.

“இதுவரை நமது வாரியத்தில் பல உண்மைகள் இருந்துவந்தன,” என்றார் மைக்கைப் பிடித்து. “பரிசோதகரிடம் ஓர் உண்மை. அலுவலகத்தில் ஓர் உண்மை. லிஃப்ட் இருக்கும் இடத்தில் வேறோர் உண்மை. இந்தக் குழப்பம் இன்றோடு ஒழிந்தது. இனி நமக்கு ஒரே உண்மைதான். அது எது என்பதை வாரியம் உரிய நேரத்தில் அறிவிக்கும்.”

கைதட்டல் ஓய ரொம்ப நேரமானது. முன்வரிசையில் இருந்தவர்கள் யார் முதலில் நிறுத்துவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

அதற்குப் பிறகு சுற்றறிக்கைகள் வந்தன. மொத்தம் நாற்பத்தேழு. காலை பத்து மணிக்குப் பரிசோதகர்கள் எல்லோரும் கூடத்தில் நிற்க வேண்டும். ஃபோன்களைப் பச்சைத் துணி விரித்த மேசையில் திரை மேலே தெரிய வரிசையாக வைக்க வேண்டும். ‘ஒத்திசைவு’, அதாவது ஃபோனும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி ஆவது, நடக்கும்போது பேசக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு, போய்வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நூறு சதவீதம் என்று திரையில் வந்ததும் ஒரு முறை கைதட்டிவிட்டுக் கலையலாம். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் சுற்றறிக்கை எண் ஆறைப் பார்த்துக்கொள்ளலாம். இருமலுக்குத் தனிப் பத்தியே இருக்கிறது.

பரிசோதகர்களில் முக்கால்வாசிப் பேர் பழகிக்கொண்டார்கள். நின்றார்கள், தட்டினார்கள், கலைந்தார்கள். டார்ச் அக்காவும் நின்று, தட்டி, கலைந்தாள். ஐந்து வாரம் இப்படிப் போனது. அந்த ஐந்து வாரமும் அவள் கைக்கு வந்த லிஃப்ட்கள் எல்லாம் தங்கமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

ஆறாவது வாரம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் ஒன்பது மாடிக் குடியிருப்புக்குப் போனாள். அது அவளுக்குத் தெரிந்த கட்டடம்தான். எட்டாவது மாடியில் அவளுடைய சொந்த அக்கா குடியிருந்தாள். லிஃப்டில் ஏறி ஐந்தாவது மாடியில் நிறுத்திப் பார்த்தாள். பெட்டி நின்றது, நின்ற பிறகு ஒரு சாண் வழுக்கியது. மறுபடி நிறுத்திப் பார்த்தாள். இந்தத் தடவை ஒன்றரைச் சாண். அப்படியே இறங்கி, மிச்ச மாடிகளைப் படியேறி மெஷின் அறைக்குப் போய் டார்ச் அடித்தாள். பிரேக் கட்டை தேய்ந்து உள்ளேயிருந்த இரும்பு பல்லைக் காட்டியது. போதாக்குறைக்குப் பல்சக்கரப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து பிரேக் உருளை முழுக்கப் பூசியிருந்தது.

இதே பெட்டியில் போன வாரம் அவளுடைய அக்கா தண்ணீர்க் கேனோடு ஏறியிருப்பாள். ஆறாவது மாடித் தையல்காரி நிறைமாதம். அவள் தினம் நாலு தடவை ஏறி இறங்குகிறாள்.

டார்ச் அக்கா ஆளில்லாப் பெட்டியை உச்சி மாடிக்கு வரவழைத்து நிறுத்தினாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். அதில் தன்னுடைய சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஃபோனில் மூன்று படம் எடுத்து, ‘தகுதியற்றது’ என்று தட்டி அனுப்பினாள். பச்சையில் ஒரு சரி அடையாளம் வந்தது. விதிப்படி மூன்று நாளில் ரிப்பேர் ஆட்கள் வர வேண்டும்.

மறுநாள் காலை ஒத்திசைவு முடிந்து, எல்லோரோடும் கைதட்டிவிட்டு, ஃபோனை எடுத்துப் பார்த்தாள். ‘தகுதியானது’ என்று இருந்தது. படங்களைக் காணோம்.

தன் விரல்தான் தவறியது போல என்று மறுபடி பதிந்தாள். அடுத்த நாள் காலை மறுபடி ‘தகுதியானது’. மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். சாயங்காலம் அவள் எழுதுவதும் காலையில் அது மாறிக் கிடப்பதும் வாடிக்கையாகிவிட்டது. ரிப்பேர் பிரிவுக்கு ஃபோன் போட்டாள்.

“மேடம், சிஸ்டத்துல அது நல்லா இருக்குன்னு வருது,” என்றது அந்தப் பக்கத்துக் குரல். “கெட்டுப்போனத ரிப்பேர் பண்ணத்தான் எனக்கு அதிகாரம். நல்லா இருக்கிறதுல கைய வச்சா என் வேலை போயிரும்.”

“ஏங்க, பிரேக்கே இல்லங்க அதுல!”

“இருக்கலாம் மேடம். நான் இல்லன்னு சொல்லல. சிஸ்டம் சொல்லணும்.”

ஆறாம் நாள் காலை டார்ச் அக்கா பச்சைத் துணி மேசைப் பக்கமே போகவில்லை. நேரே மாடியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அறைக்குப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆபரேட்டரை எல்லோரும் சேவ் சார் என்பார்கள். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஒருநாள் லீவு போட்டதில்லை. சிறந்த ஊழியர் விருது மூன்று முறை வாங்கி, மூன்றையும் கம்ப்யூட்டருக்கு மேலேயே மாட்டியிருந்தார். காலை ஆறரைக்கே வந்து உட்கார்ந்து, கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சேவ் செய்து, மூடிக்கொண்டிருந்தார். கை ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

“என்ன சார் பண்றீங்க?”

“சேவ் பண்றேம்மா.”

“எதை?”

“எல்லாத்தையும். ரெண்டாயிரத்து நூத்திநாப்பது கோப்பு. தினம் தொறந்து பாத்து சேவ் பண்ணணும். தொறக்காமலே கெடந்தா கோப்பு இறுகிப்போயிரும்னு சுற்றறிக்கை பதினொண்ணு சொல்லுது.”

“நான் அனுப்பிச்சது உங்களுக்கு வந்துதா?”

“இன்னும் இன்டர்நெட் கம்பியே சொருகலியேம்மா. பாதுகாப்பு காரணமா அதைப் பத்து மணிக்குத்தான் சொருகணும், ஒத்திசைவு முடிஞ்சதும் உருவிடணும். பதினாலாம் சுற்றறிக்கை. சேவ் பண்றது முன்னாடி, சொருகறது பின்னாடி.”

டார்ச் அக்காவுக்குப் பொறி தட்டியது. இந்த மாதிரி ஏற்பாடுகளில் கடைசியாக யார் கை வைத்தார்களோ அவர்கள் பேச்சுதான் எடுபடும். அவள் முந்தின நாள் சாயங்காலம் எழுதுகிறாள். இவர் மறுநாள் காலையில், போன வருஷத்துக் கோப்பை, ஓர் எழுத்தும் மாற்றாமல் சேவ் செய்கிறார். நேரம் மட்டும் புதுசாகிவிடுகிறது. பத்து மணிக்குக் கம்பியைச் செருகியதும் க்ளவுட் பார்க்கிறது: ஆகா, இதுதான் புதுசு. உடனே அவள் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போன வருஷத்து வார்த்தையை எல்லா ஃபோனுக்கும் அனுப்பிவைக்கிறது.

“அப்ப இந்த ஆறு வாரமா எங்கள்ள யாரு எழுதினதும் உங்ககிட்ட வரவே இல்லையா சார்?”

“வரலேன்னா என்னம்மா, எல்லாம் பத்திரமா இருக்குல்ல?” என்றார் சேவ் சார், நிஜமாகவே அவளைத் தேற்றுகிறவராக. “ஆறு வாரத்துல ஊர்ல ஒரு லிஃப்ட் கூடப் பழுதாகல, தெரியுமா? டைரக்டரே பாராட்டினாரு.”

“சார், கம்பிய முதல்ல சொருகிட்டு அப்புறம் சேவ் பண்ணுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு நாள்.”

அவர் முகம் வாடிவிட்டது. “அது முடியாதும்மா. ஆனா உனக்காக ஒண்ணு பண்றேன். உன் கோப்ப மட்டும் ரெண்டு தடவ சேவ் பண்றேன்.”

கெட்ட மனிதராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். நல்ல மனிதரிடம் என்ன செய்வது? டார்ச் அக்கா எழுந்து போய் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். புகார், முரண் தீர்வுக் குழுவுக்குப் போனது.

குழு கூடிய அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் டார்ச் அக்காவின் ஃபோனை வைத்தார்கள். இன்னொன்றில் சேவ் சாருடைய கம்ப்யூட்டர் திரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் ‘மேகச் சேமிப்பகம்’ என்று ஓர் அட்டை, க்ளவுடுக்கு வாரியம் வைத்த பெயர் அது. டார்ச் அக்காவுக்கு நாற்காலி இல்லை. அவள் கருவி இல்லை என்பதால்.

குழுத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “பாருங்கம்மா, இங்க யாரும் யாருக்கும் எதிரி இல்ல. மூணு சாட்சி இருக்கு. ஆளுக்கு ஒரு ஓட்டு. ஃபோன் என்ன சொல்லுது?”

“நேத்து சாயந்திரம் நான் எழுதினத இப்பக் காட்டாது மேடம், காலையில அத அழிச்சிட்டாங்க. நான் மறுபடி—”

“சரி, உங்க மனசு நோகக் கூடாது. ஃபோன் ‘தகுதியற்றது’ன்னு சொல்றதா வச்சுக்குவோம். கம்ப்யூட்டர்?” குனிந்து பார்த்தார். “தகுதியானது. மேகச் சேமிப்பகம்?” காலி நாற்காலியைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் ஒரு காகிதத்தை நீட்டினார். “தகுதியானது. ரெண்டுக்கு ஒண்ணு. தீர்ந்தது.”

“மேடம், க்ளவுட்ல இருக்கிறது கம்ப்யூட்டர்லருந்து போனதுதானே? ஒரே ஆளு ரெண்டு ஓட்டுப் போட்ட கணக்குல்ல இது?”

“அதுக்குப் பேருதான் ஒத்திசைவு.”

“லிஃப்டையும் ஒரு வார்த்த கேட்டுடலாமே? பக்கத்துலதான் இருக்கு. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். கைய வச்சுப் பாருங்க.”

தலைவி முதன்முறையாக முகத்தைச் சுளித்தார். “லிஃப்ட் பதிவு செய்யப்பட்ட கருவி இல்ல. அதுக்கு ஓட்டு கிடையாது. நாளைக்கு எல்லா லிஃப்டும் வந்து நிக்கும், நாங்க என்ன பண்றது?”

டார்ச் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எங்க வீட்டுல என் மக ஃபோன்ல படம் எடுக்கறா. அது அவ கம்ப்யூட்டர்ல வந்துருது. எந்தக் கமிட்டியும் கூடல, யாரும் கைதட்டல. அவ எடுத்த படம் அப்படியேதான் வருது. இங்க மட்டும் ஏன் மேடம் வர மாட்டேங்குது?”

“உங்க மகளுக்கு நிர்வாகப் பொறுப்பு இல்ல,” என்றார் தலைவி. எதையும் மறைக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

தீர்ப்பு எழுதப்பட்டது. மற்ற இரு கருவிகளோடு ஒத்துப்போகாததற்காக ஃபோனை ஒரு வாரம் தற்காலிகப் பணிநீக்கம் செய்து பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்த ஒரு வாரமும் காலை ஒத்திசைவில் ஃபோனை வைக்காததற்காக டார்ச் அக்காவுக்கு ஆப்சென்ட் போட்டார்கள். கூடவே ஒரு மெமோ: நல்ல நிலையில் உள்ள லிஃப்டை அநியாயமாக நிறுத்திவைத்துப் பொதுமக்களைத் துன்புறுத்துகிறீர்கள், பத்து நாளுக்குள் சாவியை ஒப்படைக்காவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்.

பொதுமக்கள் துன்பப்பட்டது என்னவோ உண்மை. அதிலும் எட்டாவது மாடி அக்கா பட்ட துன்பம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

“எட்டு மாடி! எட்டு மாடிடி பாவி! காய்கறிப் பையத் தூக்கிட்டு ஏறி வந்தா நெஞ்சு வாய்க்கு வருது,” என்று தங்கையைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டாள். “உனக்கும் ஆபீசுக்கும் தகராறுன்னா அங்க வச்சுக்கோ. எங்க உயிர ஏன் வாங்கற? கூடப் பொறந்தவளா நீ? அந்தத் தையக்காரிப் பொண்ணு வயித்தப் புடிச்சுக்கிட்டு மாடிக்கு மாடி உக்காந்து உக்காந்து ஏறுது. கண்கொண்டு பாக்க முடியல. சாவியக் குடு!”

“குடுக்கறேன். முதல்ல எங்கூட மேல வா.”

“மேலயா? இன்னொரு மாடியா?”

திட்டிக்கொண்டேதான் வந்தாள். மெஷின் அறையில் டார்ச் அக்கா அக்காவின் கையைப் பிடித்து, அவள் விரலைப் பிரேக் கட்டைமேல் வைத்தாள். “இது ரப்பர் மாதிரி கனமா இருக்கணும். இருக்கா?”

“இரும்பு இருக்கு.”

“உருளையத் தொடு.”

“எண்ணெய்.”

“எண்ணெயில இரும்பு எதையாவது புடிச்சு நிறுத்துமாக்கா?”

அக்கா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“நீ பூட்டறதுக்கு முந்தின நாள்கூட நான் அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டுத்தாண்டி ஏறினேன்,” என்றாள்.

மறுநாள் அந்த மெஷின் அறைக்கு வரிசை நின்றது. அக்கா ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, ஆளை இழுத்துக்கொண்டு வந்து, விரலை வைக்கச் சொன்னாள். ஏழாவது மாடி டீச்சர், மூட்டுவலிக்காரர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “கையெழுத்து எங்க போடணும்?” என்று கேட்டார். கையெழுத்துப் போட ஒன்றும் இல்லை என்றதும், தன் பேனாவாலேயே மெஷின் அறைச் சுவரில் ‘பார்த்தேன், பிரேக் இல்லை’ என்று எழுதித் தேதி போட்டார். சாயங்காலத்துக்குள் சுவரில் நாற்பத்திரண்டு பேர் எழுதிவிட்டார்கள். தையல்காரியின் மெஷினைத் தரைத்தளத்து வீட்டுக்காரி தன் முன்னறையில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். படுக்கையும் அங்கேயே ஆயிற்று. அதற்குப் பிறகு டார்ச் அக்காவை அந்தக் கட்டடத்தில் யாரும் திட்டவில்லை. வாரியத்தைத் திட்டினார்கள்.

இந்தச் சேதி வாரியத்துக்கு எட்டியது. தலைமை இயக்குநர் பெரிய மனதுக்காரர், கோபப்படவில்லை. ‘முழு ஒத்திசைவு விழா’வை அந்தக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடிப் பொதுக்கூடத்திலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அதிகாரிகள் அதே லிஃப்டில் ஏறிப் போவார்கள், வதந்தி அடங்கிவிடும், வாரியம் கண்ட நூறு சதவீத வெற்றியும் மக்களுக்குத் தெரியும். சிறந்த ஊழியர் விருது நான்காவது முறையாக சேவ் சாருக்கு. டார்ச் அக்காவுக்கு ஓர் உத்தரவு: காலை பதினொரு மணிக்குச் சாவியோடு வந்து லிஃப்டை இயக்கித் தர வேண்டும், தவறினால் அன்றே வேலை நீக்கம்.

டார்ச் அக்கா பத்து மணிக்கே வந்தாள். ஒன்பது மாடி ஏறிப் பூட்டைத் திறந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒன்பது மாடியும் இறங்கி வந்தாள். குடியிருப்பு மொத்தமும் கீழ்த்தளத்தில் கூடியிருந்தது. பதினொன்றேகாலுக்குக் கார்கள் வந்தன. தலைமை இயக்குநர் இறங்கி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் செயலாளர், குழுத் தலைவி, மாலையும் கேடயமும் தூக்கிய நாலு பேர், புதுச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக சேவ் சார்.

டார்ச் அக்கா பொத்தானை அழுத்தினாள். ஆளில்லாப் பெட்டி முனகிக்கொண்டே இறங்கி வந்து நின்றது. நின்ற பிறகு இரண்டு விரல் மேலே நகர்ந்தது. அவள் கம்பிக் கதவை இழுத்துத் திறந்து, வாசலுக்குக் குறுக்கே ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

“லிஃப்ட் ரெடி சார். பொதுமக்கள்ல ஒருத்தரையும் நான் விட மாட்டேன். நீங்க ஏறுங்க.”

தலைமை இயக்குநர் பெட்டியைப் பார்த்தார். உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

“மக்களுக்குத்தான் முதலிடம். அதுதான் வாரியத்தின் கொள்கை,” என்றார்.

“நாங்க பதினேழு நாளாப் படியில ஏறிப் பழகிட்டோம்யா,” என்றார் டீச்சர். “கொள்கையத் தளர்த்திக்குங்க. ஏறுங்க.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைமை இயக்குநர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், பதவி வரிசைப்படி மேலதிகாரிக்கு முன்னால் ஏறுவது ஒழுங்கீனம் என்றார். தலைமை இயக்குநர், தலைவன் என்பவன் கடைசியில்தான் ஏற வேண்டும் என்றார். குழுத் தலைவி, தான் தீர்ப்பளித்த பொருளைத் தானே பயன்படுத்துவது நடுநிலைக்கு இழுக்கு என்று சொல்லிப் பின்வாங்கினார். மாலை வைத்திருந்தவர் மாலை கசங்கிவிடும் என்றார்.

“சிஸ்டத்துல நல்லா இருக்குதுல்ல?” என்று அக்கா கூட்டத்திலிருந்து குரல் விட்டாள். “ரெண்டு ஓட்டு வாங்கி ஜெயிச்ச லிஃப்டுல்ல? அப்புறம் ஏன் கால் கூசுது?”

“ஏன் எல்லாரும் பயப்படறீங்க?” என்று கேட்டார் சேவ் சார்.

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. “இன்னிக்குக் காலையில கூட சேவ் பண்ணிட்டுத்தானே வர்றேன். இந்தக் கோப்ப ரெண்டு தடவ பண்ணேன். இதுக்கு ஒண்ணும் ஆகாது.” சொல்லிக்கொண்டே, டார்ச் அக்கா வாயைத் திறப்பதற்குள், அவள் கைக்கு அடியில் குனிந்து ஒரு காலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி கிளம்பியது.

மோட்டார் ஓடவில்லை. கதவும் திறந்தபடிதான் இருந்தது. எதிர்ப் பக்கம் தொங்குகிற எடை ஆளில்லாப் பெட்டியைவிடக் கனம். பிடித்து நிறுத்த பிரேக் இல்லாவிட்டால் அது பாட்டுக்கு இறங்கும், பெட்டி பாட்டுக்கு ஏறும். முதலில் ஒரு விரல், பிறகு ஒரு சாண், பிறகு முழங்கால் உயரம். சேவ் சாரின் ஒரு கால் தரையிலும் ஒரு கால் ஏறிக்கொண்டிருந்த பெட்டியிலுமாக இருந்தது. “அம்மா!” என்று கத்தினார். டார்ச் அக்கா டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு, அவர் புதுச் சட்டையின் காலரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். அக்கா ஓடிவந்து தங்கையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராகத் தரையில் விழுந்தார்கள்.

பெட்டி வேகம் எடுத்து மேலே போனது. விளக்கு எரிய, கதவு திறந்திருக்க, சேவ் சாரின் வலது ஷூவைச் சுமந்துகொண்டு போனது. எல்லோரும் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சியில் போய் மோதிய சத்தத்தில் கட்டடம் அதிர்ந்து, சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து தலைமை இயக்குநரின் தோளில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தரைத்தளத்து வீட்டு வாசலில் நின்ற தையல்காரி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

டார்ச் அக்கா கதவை இழுத்துச் சாத்தி, மேலேயிருந்து கொண்டுவந்த தன் பூட்டை அதில் போட்டுப் பூட்டிவிட்டு வந்து சேவ் சாரைத் தூக்கி உட்காரவைத்தாள். ஒற்றை ஷூவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அந்த ஃபோன எடு,” என்றார்.

“பீரோலருந்து நேத்துத்தான் சார் குடுத்தாங்க.”

“குடும்மா.”

முப்பத்தோரு வருஷத்தில் ஓர் எழுத்தும் மாற்றாத மனிதர், ஒரே விரலால், எழுத்துக் கூட்டி, ‘தகுதியற்றது’ என்று தட்டினார். தட்டிவிட்டு, சேவ் செய்தார்.

குழுத் தலைவி தொண்டையைச் செருமினார். “ஆனாலும் அது ஒரு ஓட்டுதானே. விதிப்படி நாளைக்குக் காலையில—”

“நாளைக்குக் காலையில முதல் வேலையா நான் கம்பியத்தான் சொருகப் போறேன் மேடம்,” என்றார் சேவ் சார். சத்தமாகவே சொன்னார். “சேவ் பண்ண மாட்டேன். யார் யார் என்ன எழுதியிருக்காங்களோ அத்தனையும் முதல்ல உள்ள வரட்டும். இத்தன வாரமா எழுதினவங்க எல்லாரையும் கூப்புட்டுத் திரும்ப எழுதச் சொல்லப் போறேன். மெமோ குடுக்கறதுன்னா குடுங்க. ஒத்த ஷூவோட வந்து வாங்கிக்கறேன்.”

தலைமை இயக்குநர் தோளிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார். சூழ்நிலையைத் தன் கைக்குள் கொண்டுவர வேண்டிய நேரம் அது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“இந்தச் சம்பவத்தை வாரியம் தீவிரமாகப் பரிசீலிக்கும்,” என்று ஆரம்பித்து, டார்ச் அக்காவின் பக்கம் கையை நீட்டினார். “முதல்ல அந்தச் சாவிய எங்கிட்ட ஒப்படைங்க.”

டார்ச் அக்கா தரையில் கிடந்த டார்ச்சை எடுத்து, எரிகிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

“இது ரிப்பேர்காரனுக்குக் குடுக்க வேண்டிய சாவி சார். அவன் வந்து கேட்டாத் தருவேன். உங்களுக்கு மேலதானே விழா?” என்று கையை நீட்டிக் காட்டினாள். “படிக்கட்டு அந்தப் பக்கம். ஒம்பது மாடி. ஏறுங்க.”